எதை விடுவது என்னும் யுக்தி

உடையார்பாளையத்துச் சிறுமி ஒருத்தி பன்னாட்டுச் செஸ் போட்டிகளில் பதக்கம் வென்றதும், 2022-ல் மாமல்லபுரத்து ஒலிம்பியாடை ஒட்டிப் பள்ளிகள்தோறும் பலகைகள் விரிந்ததுமாக, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வீடுகளிலும் பிள்ளைகள் ஸ்டாக்ஃபிஷ் போன்ற இலவச நிரல்களோடு ஆடிப் பழகுவது இன்று சகஜமாகிவிட்டது. அந்த நிரலின் அமைப்புப் பகுதியில் 'ஹாஷ்' என்றொரு வரியும் அதன் எதிரே 16 என்ற எண்ணும் இருக்கும். யாரும் அதைத் தொடுவதில்லை.

வெள்ளை ஆடுபவர் ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டுப் பிறகு அதன் இடப்பக்கத்துச் சிப்பாயை அவ்விதமே நகர்த்தினாலும், இந்த வரிசையை மாற்றி ஆடினாலும், கறுப்பின் இரு பதில்களும் அவையே என்றால், பலகையில் நிற்பது ஒரே நிலைதான். கண்ட கணக்கையே மறுபடி போடுவது வீண் பிரயாசை என்பதால், 1967-ல் எம்.ஐ.டி.யில் கிரீன்பிளாட் எழுதிய மாக்ஹாக் காலந்தொட்டே நிரல்கள் ஒவ்வொரு நிலையின் மதிப்பையும், அது எத்தனை நகர்த்தல் ஆழம் ஆராயப்பட்டது என்பதையும் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கின்றன. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதற்கெல்லாம் தனித்தனியே ஒரு தற்செயல் எண்ணைக் கொடுத்து, அவற்றை ஒன்றுகூட்டி அட்டவணையில் இடம் கண்டுபிடிக்கும் உபாயத்தை 1970-ல் ஸோப்ரிஸ்ட் வகுத்தார்.

சங்கடம் இடத்தில்தான். 'ஹாஷ்' வரியில் கண்ட 16 இந்த அட்டவணையின் அளவுதான்; அந்த 16 மெகாபைட்டில் ஏறக்குறைய 15 லட்சம் குறிப்புகளே அடங்கும். அது சில வினாடிகளில் நிரம்பிவிடுகிறது. பட்டறையில் சின்ன வெங்காயம் காக்கும் பெரம்பலூர்க் குடியானவர், இடம் போதாதபோது எதை முதலில் வெளியே எடுப்பது என்று யோசிக்கிறாரே, அதே யோசனைதான் நிரலுக்கும். புதியது வந்தால் பழையதைத் தள்ளு என்பது எளிய விதி. ஆனால் வெகுநேரம் உழைத்துப் பெற்ற ஆழ்ந்த குறிப்பை, இரண்டே நகர்த்தல் பார்த்த அற்பக் குறிப்பு அழித்துவிடும். ஆழமானதையே காப்போம் என்றாலோ, முன்சென்ற சிப்பாய் திரும்புவதில்லை, வெட்டுண்ட காய் மீள்வதில்லை. ஆகவே இனி ஒருபோதும் வர இயலாத நிலைகளின் குறிப்புகளே அட்டவணையை அடைத்துக்கொண்டு கிடக்கும். பார்வைக்கு நியாயமான இந்த இரண்டாவது விதியே அதிக வஞ்சகமானது என்பேன்.

1980-ல் லின்ஸ் நகரில் கணினிச் சதுரங்கத்தின் உலகப் பட்டம் வென்ற பெல் இயந்திரத்தைச் செய்த கென் தாம்ப்ஸனும் ஜோ காண்டனும், ஆழமானதற்கு ஓரிடம், அண்மையதற்கு ஓரிடம் என இரண்டையும் அருகருகே வைத்தார்கள். 1994-ல் பிரூக்கரும் சகாக்களும் பல விதிகளை ஒப்பிட்டபோதும் இத்தகைய ஈரடுக்கு முறையே மேலோங்கியது. ஸ்டாக்ஃபிஷோ மூன்று குறிப்புகளை ஒரே கட்டாக வைத்து, முந்தைய நகர்த்தல்களின்போது எழுதப்பட்டவற்றுக்கு வயதுக்கேற்ப ஆழத்தைக் குறைத்து மதிப்பிட்டு, எது கடைசியில் தாழ்ந்து நிற்கிறதோ அதை அப்புறப்படுத்துகிறது.