தீப்பெட்டிக்குள் தேள்!

மழை விடாமல் பெய்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சளி, இருமல். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்போம். ஆனால் ஒரு குடும்பம் என்ன செய்தது தெரியுமா? வீட்டை விற்றுவிட்டு, முன்பின் பார்த்திராத ஒரு தீவுக்கே புறப்பட்டுவிட்டது!

இது கட்டுக்கதை இல்லை, குழந்தைகளே. 1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது. அந்தக் குடும்பத்தின் பெயர் டரல். கடைக்குட்டி ஜெரால்டு. வீட்டில் 'ஜெரி' என்று கூப்பிடுவார்கள். அப்போது அவனுக்குப் பத்து வயது.

ஜெரி பிறந்த ஊர் எது, சொல்லுங்கள் பார்க்கலாம்? நம் நாட்டிலுள்ள ஜாம்ஷெட்பூர்! அப்பா பொறியாளர். அம்மா லூயிசாவும் இந்தியாவில் பிறந்தவர்தான். 1928-இல் அப்பா இறந்துபோனார். அதன் பிறகுதான் அம்மா இங்கிலாந்தில் குடியேறினார். அந்தக் குளிர் யாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெரிக்குப் பள்ளிக்கூடமும் பிடிக்கவில்லை. ஒருநாள் தலைமை ஆசிரியர் அவனை அடித்துவிட, அம்மா அவனைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார்.

மூத்த அண்ணன் லாரன்சுக்கு எழுத்தாளர் ஆக வேண்டும் என்று ஆசை. அவருடைய நண்பர் ஒருவர் கோர்ஃபு என்ற தீவில் இருந்தார். 'இங்கே நல்ல வெயில், அழகான கடல், செலவும் குறைவு' என்று அவரிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா விட்டுச்சென்ற பணத்தில் காலம் தள்ளும் குடும்பம் அல்லவா? செலவு குறைவு என்றதும் அம்மாவும் சம்மதித்துவிட்டார். லாரன்சும் அவர் மனைவியும் முன்னால் போனார்கள். அம்மா, அண்ணன் லெஸ்லி, அக்கா மார்கோ, ஜெரி, ரோஜர் என்ற நாய் எல்லோரும் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். கிரீஸ் நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால், அல்பேனியாவை ஒட்டினாற்போல் நீளமாக ஒரு தீவு தெரியும். அதுதான் கோர்ஃபு. ஆலிவ் தோப்புகள் நிறைந்த ஊர்.

இவர்களில் யாருக்கும் கிரேக்க மொழி தெரியாது. வாடகைக்கு வீடு தேடினால், குளியலறை உள்ள வீடே கிடைக்கவில்லை. அம்மாவோ குளியலறை இல்லாத வீடு வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். அப்போது கைகொடுத்தவர் ஸ்பைரோ என்ற டாக்சி ஓட்டுநர். அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே கற்ற ஆங்கிலத்தில், எந்த வார்த்தையானாலும் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்துத்தான் பேசுவார். வீடு பார்த்துத் தந்தது, கடைக்காரரிடம் பேரம் பேசியது, சண்டை போட்டது எல்லாமே அவர்தான். கூலிக்கு வந்தவர் சொந்தக்காரர் போல ஆகிவிட்டார்.

ஜெரி தீவில் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. உடனே உங்கள் முகத்தில் சிரிப்பு வருவது எனக்குத் தெரிகிறது! பொறுங்கள். ஒருவர் மாற்றி ஒருவராக வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் கெட்டிக்காரர். இத்தனை கம்பளிப்பூச்சிகள் இத்தனை நாளில் இத்தனை இலை தின்றால் என்று கணக்குப் போடச் சொல்வார். தேசப்படம் வரைந்தால் அந்தந்த நாட்டு விலங்குகளையும் வரைய வேண்டும். பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல வழி. ஆனால் ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு செய்வது எளிது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு செய்து பார்க்கட்டும்!

மற்ற நேரமெல்லாம் ஜெரி ரோஜரோடு தோப்பு, கடற்கரை என்று சுற்றினான். ஒருநாள் தரையில் காசு அளவில் வட்ட வட்டமாக ஏதோ தெரிந்தது. குச்சியால் நெம்பினால் மூடிபோலத் திறந்தது! உள்ளே பட்டு விரித்த சுரங்கம். அது என்னவென்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தியடோர் ஸ்டெபனைடஸ் என்ற மருத்துவர்தான் சொன்னார். அது கதவுச் சிலந்தியின் வீடு. அந்தச் சிலந்தி மண்ணில் குழி தோண்டி, உள்ளே நூலால் மெழுகி, நூலாலேயே கீல் வைத்து ஒரு மூடியும் செய்துகொள்ளும். இரை பக்கத்தில் வந்தால் சட்டென்று மூடியைத் திறந்து பிடித்துக்கொள்ளும்.

பதில் சொன்னதோடு அவர் விடவில்லை. சில நாளில் ஜெரிக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு நுண்ணோக்கி! ஓய்வு இருந்தால் தேநீர் சாப்பிட வரும்படி ஒரு கடிதமும் இருந்தது. பத்து வயதுப் பையனுக்குப் பெரிய மனிதருக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தார். அன்று முதல் வியாழக்கிழமைதோறும் இருவரும் சந்தித்தார்கள். குட்டைத் தண்ணீரை எடுத்து வந்து அதிலுள்ள உயிர்களைப் பார்ப்பார்கள். இன்னொரு வியப்பு, இந்தத் தியடோரும் நம் நாட்டில் பிறந்தவர்தான்! 1896-இல் பம்பாயில்.

இனி தேளுக்கு வருவோம். தோட்டத்துச் சுவரில் ஒரு தாய்த்தேளை ஜெரி பார்த்தான். முதுகு முழுக்கக் குஞ்சுகள். பிறந்த தேள்குஞ்சுகள் முதல் தடவை தோல் உரிக்கும்வரை தாயின் முதுகில்தான் இருக்கும். அதைப் பார்க்கும் ஆசையில், தாயையும் குஞ்சுகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிட்டான். சாப்பாடு முடிந்ததும் லாரன்ஸ் சிகரெட் பற்ற வைக்க அதே பெட்டியைத் திறந்தார்! தேள் கைமேல் ஏற, அவர் அலறி உதற, சாப்பாட்டு மேசையெங்கும் தேள்குஞ்சுகள். அக்கா தண்ணீரை வீச, அது அம்மாமேல் விழுந்தது. ரோஜர் குழம்பிப்போய் வேலைக்காரப் பெண்ணைக் கடித்துவிட்டது. ஜெரி மட்டும் நிதானமாகக் குஞ்சுகளை ஒரு கரண்டியால் அள்ளித் தாயின் முதுகில் விட்டு, வெளியே கொண்டுபோய் விட்டான். (நீங்கள் இதைச் செய்து பார்க்காதீர்கள். நம் ஊர்ச் செந்தேள் உயிரையே எடுத்துவிடும்.)

இப்படி நான்கு ஆண்டுகள் ஓடின. 1939-இல் ஐரோப்பாவில் போர் மூளும் நிலை. அம்மாவும் ஜெரியும் இங்கிலாந்து திரும்பினார்கள். அதன் பிறகு கோர்ஃபு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1941-இல் இத்தாலி அதைப் பிடித்துக்கொண்டது. 1943-இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டு நகரத்தில் பெரும் பகுதியை அழித்தன.

ஜெரியிடம் ஒரு சான்றிதழ்கூட இல்லை. 1945-இல் ஒரு விலங்குக் காட்சிசாலையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்து கூண்டு கழுவினார். பின்னர் தாமே ஆப்பிரிக்கா போய் விலங்குகளைக் கொண்டு வந்தார். தீவு வாழ்க்கையை 1956-இல் புத்தகமாக எழுதினார். நாடு நாடாக விற்றது. (அதில் லாரன்ஸ் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருப்பதாக எழுதிவிட்டு, பாவம், அண்ணியை மட்டும் அடியோடு விட்டுவிட்டார்!) 1959-இல் ஜெர்சி என்ற இன்னொரு தீவில் சொந்தமாக ஒரு விலங்குக் காட்சிசாலை தொடங்கினார். வேடிக்கை காட்டுவதற்காக அல்ல; அழியும் நிலையிலுள்ள உயிர்களைப் பெருக்குவதற்காக. அதன் சின்னம் என்ன தெரியுமா? மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவை.

அதே மொரீஷியசில் 1974-இல் ஒருவகை வல்லூறு காட்டில் வெறும் நான்குதான் மிஞ்சியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் இளஞ்சிவப்புப் புறா காட்டில் பத்துதான் இருந்தது. ஜெரால்டின் அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து பாடுபட்டதில் இரண்டும் பிழைத்துக்கொண்டன. அந்தப் புறா இன்று நானூறுக்கும் மேல் இருக்கிறது.

ஜெரால்டு 1995-இல் காலமானார். அதற்கு முன்பு, 1982-இல், இயற்கையைக் கவனிக்க விரும்புபவர்களுக்காகத் தம் மனைவி லீயுடன் சேர்ந்து ஒரு கையேடு எழுதினார். பூச்சி பிடிப்பது எப்படி, குட்டையில் என்ன பார்க்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தப் புத்தகத்தை அவர் காணிக்கையாக்கியது தியடோருக்கு. அப்போது தியடோருக்கு 86 வயது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.