குருதியில் வளர்ச்சி ஓமோனை அளக்கும் முறைகள்

திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்தில் நூறு மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் ஆழமுங் கொண்ட ஒரு நீர்ப்பகுதியை மனத்தால் வரைந்துகொள்க. அதனுள் ஒரு கிராம் சீனியைக் கரைத்து, சிவராத்திரியன்று அடியார் முகந்து செல்லும் ஒரு குடம் நீரை மட்டுங் கொடுத்து, இதிலுள்ள சீனி எவ்வளவு என வினவினால் விடை கூறுதல் எளிதோ? ஒரு மில்லிலீற்றர் குருதித் தெளிநீரில் ஒரு நனோகிராம் வளர்ச்சி ஓமோன் என்பது அவ்விகிதமே. அன்றியும், அதே துளியில் ஏனைய புரதங்கள் ஏறத்தாழ ஏழு கோடி மடங்கு மிகுந்து நிற்கும்.

கபச்சுரப்பியின் முன்மடலிற் சுரக்கும் இவ்வோமோன் 191 அமினோவமிலங்களாலாய புரதமாகும். முன்னர், கபச்சுரப்பி அகற்றப்பட்ட எலிக்குட்டிகளுக்கு ஆய்பொருளைச் சில நாள் ஊசிவழி ஏற்றி, கணைக்காலெலும்பின் நுனிக் கசியிழையத் தட்டு எவ்வளவு தடித்ததென அளந்தனர். சுரப்பியிலிருந்து பிரித்த சாற்றுக்கு அது போதும். குருதியிலுள்ள நுண்ணளவுக்குப் போதாது.

வழி திறந்தது நியூயோர்க்கிலே. சொலமன் பேர்சனும் றோசலின் யலோவும் இன்சுலினுக்கென வகுத்த கதிரியக்கப் பிறபொருளெதிரி முறை, 1963ஆம் ஆண்டில் வளர்ச்சி ஓமோனுக்கும் பயன்பட்டது. அன்னதானப் பந்தியொன்றில் நூறு இலைகளே உள்ளன என்க. அடையாளமிட்ட நூற்றுவரோடு அடையாளமற்றோரும் உட்புகுந்தால், அமரும் அடையாளமிட்டோர் தொகை குறையும். அக்குறைவைக் கொண்டு புதியோர் எத்துணையர் எனக் கணிக்கலாம். இங்கு இலை பிறபொருளெதிரி. அடையாளம் கதிரியக்க அயடீன். புதியோர் நோயாளியின் ஓமோன். யலோ 1977இல் நோபெற் பரிசு பெற்றார். பேர்சன் 1972இலேயே மறைந்தமையின் அப்பரிசிற் பங்கு பெற்றிலர்.

இக்காலத்து ஆய்வுகூடங்களில் ஓமோனை இரு பிறபொருளெதிரிகளிடையே பிடித்து, நொதியத்தாலோ ஒளியாலோ அளக்கும் முறைகளே பெருவழக்கு. ஆயினும் ஓர் இடர்ப்பாடு தீர்ந்திலது. குருதியில் இவ்வோமோன் ஒரே வடிவினதன்று. 22,000 மூலக்கூற்று நிறையுடையது மிகுதி, 20,000 உடையதுஞ் சிறிது உண்டு. ஒரு பிறபொருளெதிரி இரண்டையும் பற்றும்; மற்றொன்று ஒன்றையே பற்றும். எனவே ஒரே குருதி இரு கூடங்களில் இரு விடை தரும்.

சுரப்போ நாள் முழுதுஞ் சீரானதன்று. ஆழ்ந்த துயிலிற் பொங்கும். பகலிற் பலபொழுது அளவிடவியலாதவாறு தாழும். ஆதலின் தற்செயலாய் எடுத்த ஒரு மாதிரியைக் கொண்டு குறைபாட்டைத் துணிதல் பொருந்தாது. மருத்துவர் இன்சுலின், ஆர்ஜினீன் முதலியவற்றால் சுரப்பைத் தூண்டி, அரைமணிக்கொரு முறை குருதி எடுப்பர். இன்சுலினாற் குருதியின் வெல்லம் தாழுமாகையால் அருகிருந்து காத்தல் இன்றியமையாதது. மிகைச்சுரப்பை ஐயுறின் 75 கிராம் குளுக்கோசு பருகச் செய்து, ஓமோன் தணிகின்றதா எனக் காண்பர்.

தூண்டலின் உச்சம் மில்லிலீற்றருக்கு 10 நனோகிராமினுங் குறைந்தாற் குறைபாடு எனப் பலகாலங் கொண்டனர். புதிய முறைகளுக்கு 7 எனக் கொள்வாரும் உளர். உயரங் குன்றிய சிறுவன் ஒருவனுக்கு ஒரு கூடம் 8 என்றும் மறு கூடம் 6 என்றும் விடை தந்தால், பல்லாண்டு நாடோறும் ஊசி ஏற்றுவதோ தவிர்ப்பதோ அவ்விரண்டின் வேறுபாட்டிலேயே தங்கும். அதனாலேயே 98/574 எனும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது நியமத்தைக் கொண்டு கருவிகளை ஒப்புநோக்கி, பெறுபேற்றுத் தாளில் எண்ணோடு அளந்த முறையின் பெயரையும் பொறிக்குமாறு வேண்டுகின்றனர்.