மேகமலை வனநிலங்களின் சட்டப் பாதுகாப்பு: அறிவிப்பும் உரிமைத் தீர்வும்

ஆய்வுச்சுருக்கம்

தேனி மாவட்டத்தின் மேகமலை, வருசநாட்டு மலைப்பகுதிகள் காப்புக்காடு, வன உயிரினச் சரணாலயம், புலிகள் காப்பகம் என மூன்று சட்ட அடுக்குகளால் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு முந்தைய அடுக்கில் மக்களின் உரிமைகள் தீர்க்கப்பட்டுவிட்டன என்னும் கருதுகோளின் மேல் நிற்கிறது. அக்கருதுகோள் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதையும், வன உரிமைச் சட்டம் அதில் ஏற்படுத்திய மாற்றத்தையும், காப்பக எல்லைக்கு வெளியே உள்ள வழித்தடங்களின் நிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மேகமலை, காப்புக்காடு, புலிகள் காப்பகம், வன உரிமைச் சட்டம், கிராம சபை, வழித்தடம்.

முன்னுரை

வைகையாறு வருசநாட்டு மலைகளில் தோன்றுகிறது. அம்மலைகளை ஒட்டி உயர்ந்து நிற்பது மேகமலை. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகமும், தெற்கே விருதுநகர் மாவட்டத்தின் திருவில்லிபுத்தூர் மலைகளும் இதனோடு தொடர்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் நெல், வாழை, திராட்சைச் சாகுபடிக்கு முல்லைப்பெரியாற்று நீரோடு இம்மலைகளின் ஓடைகளும் துணைநிற்கின்றன. எனவே, இங்குள்ள வனநிலத்தைக் காப்பது விலங்குகளை மட்டுமன்றி, கீழ்நில வேளாண்மையையும் காப்பதாகும். அதே மலையில் பளியர் குடியிருப்புகளும், தேயிலைத் தோட்டங்களும், முந்திரியும் இலவும் பயிரிடும் வருசநாட்டு வேளாண் குடும்பங்களும் உள்ளன. ஆகவே எல்லை வரையறையும் உரிமைத் தீர்வும் இங்குப் பிரிக்க இயலாதவை.

காப்புக்காடும் முதல் உரிமைத் தீர்வும்

முதல் அடுக்கு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். இன்று தமிழ்நாடு வனச் சட்டம் எனப்படும் இதன்படி, ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க அரசு முதலில் தன் எண்ணத்தை அறிவிக்கும். பின்னர் வன நிலவரித் திட்ட அலுவலர் உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று விசாரிப்பார். அதன்பின் பிரிவு 16இன் கீழ் இறுதி அறிவிக்கை வெளியாகும். உரிய காலத்தில் கோரப்படாத உரிமைகள் பொதுவாக அற்றுப்போகும்.

நடைமுறை ஒழுங்குடையதாயினும், எழுத்தறிவற்ற, இடம்பெயர்ந்து வாழ்ந்த பழங்குடியினர் இதில் பங்கேற்பது அரிதாக இருந்தது. பட்டாவோ எழுத்துச் சான்றோ இல்லாத உரிமைகள் பதிவுபெறாமல் போக வாய்ப்பு மிகுந்தது. பிற்காலச் சட்டங்கள் அனைத்தும் இத்தீர்வையே அடித்தளமாகக் கொண்டன.

சரணாலயம்: இருவேறு வழிகள்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயம் அமைக்க இரு வழிகளைத் தருகிறது. காப்புக்காடு அல்லாத நிலமாயின், பிரிவு 18இன் கீழ் எண்ண அறிவிக்கை வெளியிட்டு, மாவட்ட ஆட்சியர் பிரிவு 19 முதல் 24 வரை உரிமைகளை விசாரிக்க வேண்டும். ஒரு கோரிக்கை ஏற்கப்பட்டால் அந்நிலத்தை எல்லையிலிருந்து நீக்கலாம், அதனைக் கையகப்படுத்தலாம், அல்லது தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து அவ்வுரிமை தொடர அனுமதிக்கலாம். காப்புக்காடாயின், பிரிவு 26அ நேரடி அறிவிக்கைக்கு இடமளிக்கிறது. உரிமைகள் முன்பே தீர்க்கப்பட்டன என்பதே இதன் காரணம்.

இவ்வேறுபாடு மேகமலையில் பெரும் விளைவுடையது. 269.11 சதுர கி.மீ. பரப்புள்ள மேகமலை வன உயிரினச் சரணாலயம் பெரிதும் காப்புக்காடுகளைக் கொண்டது. எனவே, காப்புக்காடான பின்னர் அங்குக் குடியேறிப் பயிரிட்டவர் எத்தனை தலைமுறை வாழ்ந்திருப்பினும் வனச் சட்டத்தின் நோக்கில் ஆக்கிரமிப்பாளரே. தொன்றுதொட்டு வாழ்ந்தும் பதிவில் இடம்பெறாத பழங்குடியினரும் அதே சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். இருவேறு வரலாறுகளைச் சட்டம் ஒரே பெயரால் சுட்டியதே பிற்காலச் சிக்கலின் வேர் எனலாம்.

வன உரிமைச் சட்டத்தின் இடையீடு

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனங்களை ஒருங்கிணைத்த காலத்தில் வனவாழ் மக்களின் உரிமைகள் உரியவாறு ஏற்கப்படாததை வரலாற்று அநீதி எனத் தன் முகவுரையிலேயே குறிப்பிடுகிறது. 2005 டிசம்பர் 13க்கு முன் வனநிலத்தைத் தம்வசம் கொண்டிருந்த பழங்குடியினர் உரிமை கோரலாம். பழங்குடியினர் அல்லாத பிற மரபுவழி வனவாழ்நர், அந்நாளுக்கு முன் குறைந்தது மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வனத்தில் வசித்து அதனைச் சார்ந்து வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். கோரிக்கைகளைப் பெற்று முதற்கண் தீர்மானிப்பது கிராம சபை. அரசு ஆவணங்களேயன்றி, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், ஊர் முதியோர் வாக்குமூலம் ஆகியனவும் சான்றாக ஏற்கப்படும்.

இதனால் இருவகை விளைவுகள் எழுகின்றன. பளியர் போன்றோர்க்குக் குடியிருப்பு, பயிர்நிலம், தேன் முதலிய சிறுவனப் பொருள்கள் ஆகியவற்றின் மீது உரிமை பெற வழி திறந்தது. ஆனால் 1930க்குப் பின்னர் வந்து பயிரிட்ட பழங்குடியினர் அல்லாத குடும்பங்கள் இதன் பயனைப் பெற இயலாது. வருசநாட்டுப் பகுதியின் நிலச்சிக்கல் இச்சட்டத்தால் ஒரு பகுதியே தீரக்கூடியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

காலத்தாழ்வும் குறிப்பிடத்தக்கது. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைப்பட்டா வழங்கல் தடைப்பட்டது. 2016இல் உச்சநீதிமன்றம் அதனை நீக்கிய பின்னரே வழி திறந்தது.

புலிகள் காப்பகம்: உள்மண்டலமும் வெளிமண்டலமும்

2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1988இல் அமைந்த திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் அருகமை வனங்களும் இதில் இணைந்தன. இந்தியாவின் 51ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமான இதன் மொத்தப் பரப்பு 1,016.57 சதுர கி.மீ. இதில் சுமார் 642 சதுர கி.மீ. உள்மண்டலம், எஞ்சியது வெளிமண்டலம்.

2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு 38வி இவ்விரு மண்டலங்களையும் வேறுபடுத்துகிறது. உள்மண்டலம் இடையூறற்ற புலி வாழிடமாக வைக்கப்பட வேண்டியது. எனினும், வனவாழ் மக்களின் உரிமைகளைப் பாதிக்காமலேயே அது அவ்வாறு அமைய வேண்டும் என அப்பிரிவே கூறுகிறது. வெளிமண்டலம் மனிதரும் விலங்கும் உடன்வாழ்வதற்குரியது. அதன் எல்லை கிராம சபையையும் வல்லுநர் குழுவையும் கலந்து வரையப்பட வேண்டும்.

இடமாற்றத்திற்கும் கடும் வரம்புகள் உள. உரிமைகளை ஏற்கும் பணி நிறைவுற்றிருத்தல், மீளா இழப்பு ஏற்படும் என நிறுவுதல், உடன்வாழ்வுக்கு வேறு வழியின்மை, மறுவாழ்வுத் திட்டம், கிராம சபையின் தெளிந்த ஒப்புதல் ஆகியன இன்றி வனவாழ் மக்களை அகற்ற இயலாது. புலிகள் காப்பக அறிவிக்கை என்பது வெளியேற்ற ஆணை அன்று என்பது இதனால் தெளிவாகும்.

எல்லைக்கு வெளியே

விலங்குகள் அறிவிக்கை எல்லைகளை அறிவதில்லை. 2023 ஏப்ரல் இறுதியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, மேகமலை வழியாக வந்து மே 27 அன்று கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5இல் பிடிக்கப்பட்டுக் களக்காடு – முண்டந்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

வழித்தடத்தின் சட்டநிலையைப் பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் விளக்குகிறது. தேவாரத்தை அடுத்த போடி மேற்கு மலையில் அமையவிருந்த இத்திட்டத்திற்கு 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவ்விடம் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து ஐந்து கி.மீ. தொலைவுக்குட்பட்டது. 2018 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தேசிய வன உயிரின வாரியத்தின் அனுமதி தேவை என வலியுறுத்தியது. பெரியாற்றையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலி வழித்தடம் இது எனக் கூறி, திட்டத்தை அனுமதிக்க இயலாது என 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. காப்பகங்களை இணைக்கும் நிலங்களைச் சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்கு மாற்றுவதைப் பிரிவு 38ஓ கட்டுப்படுத்துகிறது. எனினும், இத்தகைய நிலத்திற்குத் தனி எல்லை அறிவிக்கை இல்லாமையால், ஒவ்வொரு திட்டத்தின்போதும் அதன் மதிப்பைப் புதிதாக மெய்ப்பிக்க வேண்டியுள்ளது.

தனியார் தோட்டங்களின் இடமும் இத்தகையதே. சலீம் அலி பழவௌவால் 1948இல் மேகமலையின் காப்பித் தோட்டம் ஒன்றில் சேகரிக்கப்பட்டு, 1972இல் புதிய பேரினமாக விவரிக்கப்பட்டது. அரிய உயிரினம் காப்புக்காட்டில் மட்டுமே வாழும் என்னும் எண்ணத்தை இது மறுக்கிறது.

முடிவுரை

மேகமலையில் பாதுகாப்பின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்துள்ளன; அவற்றுக்கு அடியில் உள்ள உரிமைத் தீர்வு அதே வேகத்தில் புதுப்பிக்கப்படவில்லை. மரபுவழி வனவாழ்நரின் உரிமைகளை முதலில் முழுமையாகத் தீர்ப்பதும், வன உரிமைச் சட்டத்துள் அடங்காத வருசநாட்டுக் குடும்பங்களைத் தனி வகையாகக் கொண்டு மறுவாழ்வுக்கு வழிகாண்பதும், வழித்தடங்களை முன்கூட்டியே வரையறுப்பதும் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் அடிப்படைப் பணிகளாதல் வேண்டும். இவ்வரிசை மாறின், எல்லை வலுவாக இருப்பினும் ஒவ்வொரு வெளியேற்றமும் வழக்காகும். வைகையின் நீர்ப்பிடிப்பும் அவ்வழக்குகளின் முடிவுக்குக் காத்திருக்க நேரும்.