மாறுவேடப் போலீஸார்

மாறுவேடப் போலீஸாரின் கதை சினிமா கண்டுபிடித்ததன்று. காஞ்சிபுரத்தவரென்று கூறப்பெறும் பரிமேலழகர் உரை கண்ட குறளில் ‘ஒற்றாடல்’ ஓர் அதிகாரம். துறவி வேடத்தில் புகுந்த ஒற்றன், பிடிபட்டு என்ன துன்புறினும் வாய் திறத்தலாகாது. அவனைப் பலரறியச் சிறப்பித்தலும் ஆகாது. 2007-ல் வந்த ‘போக்கிரி’யிலோ, ரௌடியாய்த் திரிந்தவன் போலீஸ் அதிகாரியென வெளிப்பட்டதும் கொட்டகையே ஆரவாரித்தது! 1995-ல் வந்த ‘குருதிப்புனல்’ அத்தகைய இனிப்பு வழங்கவில்லை. தீவிரவாதிகளிடையே ஒற்றரை ஏவிய அதிகாரி ஆதிநாராயணனே, தன் குடும்பத்துக்கு ஆபத்து நேர்ந்ததும் பகைவனுக்கு இரகசியம் கூறுகிறான். அவனைக் கோழையென்று ஏசுவது எளிது, நாம் ஏசோம். ஏவியவன் நிலையே இதுவாயின், ஏவப்பட்டவன் கதி என்ன? மாலையும் பாராட்டும் பெறலாகாத அவனிடம் மலைபோன்ற உறுதியைக் கேட்கும் அரசாங்கம், முதலில் அவன் மனைவி மக்களுக்குக் காவல் நிறுத்தியதா? படம் பார்த்த அன்பர்கள் இதனைப் போலீஸ் மந்திரியிடம் கேட்கட்டும்.