பள்ளி தொடங்கு முன்னும் விட்ட பின்னும் பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பிடம்

இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் குடியிருக்கும் கமக்காரக் குடும்பங்களுக்கு வேலை நேரம் ஒன்று, பள்ளி நேரம் வேறொன்று. அரச பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பகல் 1.30க்கு விடுகிறது. வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கவும் வயலில் அருவி வெட்டவும் கூலிக்குப் போகிறவர்கள், வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்குவதற்காக ஆறு மணிக்கே வீட்டை விட்டு இறங்குகிறார்கள். திரும்பும்போது பின்னேரம் நாலு, ஐந்து மணியாகிவிடும். சொந்தக் காணியில் கமஞ்செய்த காலத்தில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் அம்மம்மா இருந்தார், பக்கத்து வளவில் மாமி இருந்தார், தோட்டமும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இடம்பெயர்ந்தபோது காணியோடு இந்த ஆட்களும் சிதறிப் போனார்கள்.

இப்போது அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்பிள்ளைதான். தம்பி தங்கையை வெளிக்கிடுத்தி அனுப்பிவிட்டுத் தான் பிந்திப் போவாள். பிறகு கிழமையில் இரண்டு நாள் போகமாட்டாள். அருவி வெட்டுக் காலத்தில் தொடர்ந்து மூன்று கிழமை நின்றுவிட்டால் கணிதமும் விஞ்ஞானமும் கைவிட்டுப் போகும். அதன் பின் வகுப்பில் இருக்க வெட்கப்பட்டு ஒரேயடியாக நின்றுவிடுவாள். இலங்கையில் கட்டாயக் கல்வி 5 வயதிலிருந்து 16 வயது வரை. முன்பு 14 ஆக இருந்த மேல் வயதை 2016இல் உயர்த்தினார்கள். சட்டம் நல்லதுதான். ஆனால் சின்னவனை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அதில் மறுமொழி இல்லை.

சின்னவர்களின் கதை இன்னொன்று. பெரியவர் இல்லாத வளவில் கட்டில்லாக் கிணறு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாம்பு இருக்கிறது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. விறகு பொறுக்கவும் பழைய இரும்பு தேடவும் பற்றைக்குள் இறங்கும் பிள்ளையை அந்த நேரத்தில் தடுக்க ஒருவரும் இல்லை.

பாடசாலையிலேயே அந்த நேரத்துக்கு ஒரு பராமரிப்பிடம் வைப்பதே நாம் சொல்லவரும் யோசனை. கட்டிடம் அங்கே இருக்கிறது, கிணறும் மலசலகூடமும் இருக்கின்றன, பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். இது புதுமையான யோசனையுமல்ல. யப்பானில் போருக்குப் பிந்திய காலத்தில், வேலைக்குப் போன தாய் தந்தையர் தாங்களே கூடி இப்படிப்பட்ட இடங்களை நடத்தத் தொடங்கினார்கள். நெடுங்காலம் கேட்டுக் கேட்டு, 1997இல் சிறுவர் நலன்புரிச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அவற்றுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2015இலிருந்து அங்கு நடைமுறைக்கு வந்த அளவுகள் நமக்கும் உதவும்: ஒரு பிரிவில் ஏறத்தாழ 40 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு 1.65 சதுர மீற்றர் இடம், அதாவது ஏறக்குறைய 18 சதுர அடி, பொறுப்பாளர் இருவர். நமது 20 அடிக்கு 25 அடி வகுப்பறையில் இந்தக் கணக்குப்படி 27 பிள்ளைகளை வைக்கலாம். அதற்கு மேல் சேர்த்தால் கவனிப்பு இராது, காவல் மட்டுமே இருக்கும்.

பொறுப்பாளர் இருவர் என்பதை எக்காரணத்துக்காகவும் ஒருவராகக் குறைக்கக்கூடாது. ஒரு பிள்ளை விழுந்து காயப்பட்டால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டும். மற்றவர் மிச்சப் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். ஒரு பெரியவர் தனியே பிள்ளைகளோடு இருக்கும் நிலை எப்போதும் வேண்டாம் என்பதற்கும் இதுவே நல்ல ஏற்பாடு.

தாய்மார் முறை வைத்து இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அருவி வெட்டு வந்தால் எல்லாத் தாய்மாருக்கும் ஒரே கிழமையில்தான் கூலி கிடைக்கும். பராமரிப்பு மிகவும் தேவைப்படும் அந்தக் கிழமையிலேயே முறை குலைந்து போகும். ஆகவே ஊரில் நம்பிக்கையான இரண்டு பெண்களுக்குச் சிறிய கொடுப்பனவு கொடுத்து நிரந்தரமாக வைப்பதே புத்தி. வாசிக்க எழுதத் தெரிந்தவர்களாகவும், பிள்ளைகளுக்குக் கை நீட்டாதவர்களாகவும் இருந்தால் போதும். பட்டம் தேவையில்லை.

கொடுப்பனவை எங்கே எடுப்பது? கூலி வரும் கிழமையில் காசாகவும், அறுவடை முடிந்ததும் நெல்லாகவும் பயறாகவும் சேர்க்கலாம். அறுவடையே இல்லாத குடும்பங்கள் விறகு கொண்டுவரலாம், தண்ணீர் அள்ளலாம், கிடுகு பின்னலாம். கட்ட முடியவில்லை என்று ஒரு பிள்ளையையும் வெளியே நிறுத்த வேண்டாம். முதலில் நின்றுபோவது அந்தப் பிள்ளைதான், இந்த ஏற்பாடு பெரிதும் தேவைப்படுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

சாப்பாட்டையும் யோசிக்க வேண்டும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குப் பாடசாலையில் கிடைக்கும் ஒரு நேர உணவு பின்னேரம் வரை தாங்காது. அவித்த கௌபி, கடலை, இலைக்கஞ்சி இவற்றில் ஒன்றைப் பள்ளி விட்டதும் கொடுத்தால் போதும். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருமுறை காட்டிக் கொள்வது நல்லது.

பின்னேரத்தில் என்ன செய்வது என்பதில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம்: இது ரியூசன் கொட்டகையாக மாறக்கூடாது. புலமைப்பரிசில் பரீட்சை வந்துவிட்டால் எல்லாத் திண்ணையும் வகுப்பாகிவிடும் நாடு இது. ஆறு மணித்தியாலம் வாங்கில் இருந்த பிள்ளைக்கு முதலில் சாப்பாடு, பிறகு விளையாட்டு, சிறியவருக்குப் பாயில் ஒரு நித்திரை. வீட்டுப்பாடம் செய்ய ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். விளக்கு வசதி குறைந்த வீடுகளுக்கு, வெளிச்சம் இருக்கும்போதே பாடம் முடிவது பெரிய உதவி.

காலை நேரம் குறுகியது, ஆனால் சிக்கல் கூடியது. ஆறு மணிக்குப் படலை பூட்டியிருந்தால் பிள்ளை தெருவில் நிற்கும். திறப்பு யாரிடம் என்பதை அதிபரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வைக்க வேண்டிய இன்னொன்று இடாப்பு. பிள்ளை வந்த நேரம், போன நேரம், கூட்டிப்போனவர் பெயர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு நாளும் பதியப்பட வேண்டும். யார் யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்களில் இல்லாதவர் சித்தப்பா என்று சொல்லி வந்தாலும் பிள்ளையை விடக்கூடாது. கோபிப்பார்கள், கோபிக்கட்டும். பிள்ளைக்கு யாராலாவது தீங்கு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவிக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தொடங்குகிறவர்கள் முதலில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும்: எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை. இந்தக் கணக்கோடு அதிபரைச் சந்தித்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விடயத்தை வைத்துத் தீர்மானம் எடுங்கள். பிறகு அதிபர் மூலமாக வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போகட்டும். எந்த அறை, எத்தனை பிள்ளைகள், பொறுப்பாளர் இருவரின் பெயர், துப்புரவு யார் கையில், சேதம் வந்தால் திருத்துவது யார் என்ற ஐந்தும் அதில் இருந்தால் அதிகாரிக்கு மறுப்பதற்குக் காரணம் குறைவு. தவணை விடுமுறையையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். பள்ளி மூடினாலும் தோட்ட வேலை மூடுவதில்லை. அந்த நாட்களில் அறை காலையிலிருந்தே தேவைப்படும்.