ஹைட்ராக்ஸில் தனி உறுப்பை ஒளிர்வினால் அறிதல்

ஓர் ஆக்ஸிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்து, இணையற்ற எலெக்ட்ரான் ஒன்றைத் தாங்கி நிற்கும் துணுக்கையே ஹைட்ராக்ஸில் தனி உறுப்பு என்கிறோம். சாயக் கழிவுநீரிலுள்ள சாயங்களைச் சிதைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. உயிரணுவினுள் தோன்றினாலோ, மரபுப் பொருளையே தாக்கி ஊறு விளைவிக்கும். உயிரணுவில் இதன் ஆயுள் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவேயாம். ஆதலின் சாதாரண ஆய்வுக்கூடத்தில் இதனை நேரே அளத்தல் இயலாது. இது விட்டுச் செல்லும் சுவட்டையே அளத்தல் வேண்டும்.

அச்சுவட்டைக் காட்ட உதவுவது டெரிப்தாலிக் அமிலம். பாலியெஸ்டர் இழை செய்யப் பயன்படும் பொருளே இது. இதன் பென்சீன் வளையத்தில் இரு கார்பாக்ஸில் தொகுதிகள் எதிரெதிராக அமைந்துள்ளன. எஞ்சிய நான்கு இடங்களும் ஒத்தவை. எவ்விடத்தில் ஒரு ஹைட்ராக்ஸில் சேர்ந்தாலும், விளைவது 2-ஹைட்ராக்ஸி டெரிப்தாலிக் அமிலம் ஒன்றே. மூலப்பொருள் ஒளிர்வதில்லை. விளைபொருளோ, ஏறக்குறைய 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை ஏற்று, 425 நானோமீட்டர் அளவில் நீல ஒளி வீசும். கூமரினும் இவ்வாறு பயன்படுவதுண்டு. ஆனால் அதிலிருந்து பல விளைபொருள்கள் தோன்ற, அவற்றுள் 7-ஹைட்ராக்ஸி கூமரினே வலுவாக ஒளிரும்.

டைட்டானியம் டையாக்ஸைடுத் தூளைச் சோதிக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். டெரிப்தாலிக் அமிலம் வெறும் நீரில் எளிதிற் கரையாது. எனவே லிட்டருக்கு 2 மில்லிமோல் சோடியம் ஹைட்ராக்ஸைடு உள்ள நீரில், 0.5 மில்லிமோல் அமிலத்தைக் கரைக்க வேண்டும். அக்கரைசலில் தூளைக் கலக்கிப் புற ஊதா விளக்கின் ஒளி படச் செய்க. குறித்த இடைவெளிகளில் சிறிது கரைசலை எடுத்து, தூளை வடிகட்டி நீக்கி, ஒளிர்வை அளந்து குறிக்க வேண்டும். அளவு தெரிந்த விளைபொருட் கரைசல்களோடு ஒப்பிட்டாலன்றி அவ்வெண்களுக்குப் பொருளில்லை.

ஒப்புச் சோதனைகளும் இன்றியமையாதவை. தூளின்றி ஒன்றும், விளக்கின்றி ஒன்றும் செய்து பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, தனி உறுப்பைத் தான் கவர்ந்துகொள்ளும் மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்பொழுது ஒளிர்வு குறையாவிடில், அது வேறு காரணத்தால் வந்ததோ என ஐயுறுதல் தகும்.

ஒளிர்வு குறைந்தால் தனி உறுப்பும் குறைவே என்று முடிவு கட்டுதல் தவறு. கழிவுநீரின் நிறம் ஒளியை விழுங்கலாம். அதிலுள்ள பிற பொருள்கள் தனி உறுப்பை முந்திக் கவரலாம். விளைபொருளே மேலும் தாக்குண்டு அழியலாம். மறுபுறம், தூய நீரில் நன்கு ஒளிர்ந்ததைக் கொண்டு, கழிவுநீரும் தூய்மையாகிவிடும் என நம்பி அதனை ஆற்றில் விடுதல் பெருந்தீங்கு. சாயம் அழிந்ததா என்பதையும், எஞ்சிய கரிமப் பொருளின் அளவையும் தனியே சோதித்தறிதல் வேண்டும்.

இச்சோதனையை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர்கள், புற ஊதா ஒளி கண்ணிலும் தோலிலும் படாதவாறு தக்க கண்ணாடியும் மறைப்பும் அமைத்துக்கொள்க. நீல ஒளியின் அழகைக் காட்டுவதோடு நில்லாது, ஒளிராத ஒப்புக் கரைசலையும் அருகில் வைத்துக் காட்டுக. அவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் பழக்கமே மாணவர் பெறத்தக்க பயனாகும்.