ஒரு விசையில் வீட்டுத் திரையரங்கு

புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்கள் பலவற்றில் வரவேற்பறை மேசைமீது நான்கு றிமோட்டுகள் கிடக்கின்றன. தொலைக்காட்சிக்கு ஒன்று, ஒலிபெருக்கிகளை இயக்கும் றிசீவருக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று, தமிழ் அலைவரிசைப் பெட்டிக்கு ஒன்று. மகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றபின் தனித்திருக்கும் அம்மம்மாவுக்கு எதை முதலில் அழுத்துவதெனத் தெரிவதில்லை. எமது வீட்டு அம்மம்மா பகல் முழுவதும் இருண்ட திரையின் முன் அமர்ந்திருந்தார்.

ஒதுக்கி வைத்திருந்த பழைய கணனியை இதற்கு அமர்த்தினோம். யூஎஸ்பி துவாரத்திற் பொருத்தும் சிறு அகச்சிவப்புக் கருவியொன்று, றிமோட்டுகளின் குறிகளைக் கற்றுக்கொண்டு பின்னர் தானே அனுப்புகிறது. பெரும்பாலான றிமோட்டுகளின் ஒளி செக்கனுக்கு 38,000 தடவை அளவில் துடிப்பதால் ஒரே கருவி போதும். லினக்ஸில் இதற்கென 'லிர்க்' என்னும் இலவச மென்பொருள் உண்டு. கணனியின் விசையொன்றில் சிவப்பு நாடா ஒட்டிக் கொடுத்தோம்.

மறுநாளே இடறியது. பல கருவிகளில் போடுவதற்கும் அணைப்பதற்கும் குறி ஒன்றே. அன்று காலை தொலைக்காட்சியை யாரோ அணைக்காது சென்றிருந்தனர். அம்மம்மா விசையை அழுத்த, றிசீவர் விழித்தது, தொலைக்காட்சி உறங்கியது. மீண்டும் அழுத்தினார், இது விழிக்க அது உறங்கிற்று. மாலைவரை இதே கண்ணாமூச்சி. அவரோ தாம் எதையோ பழுதாக்கிவிட்டதாக அஞ்சி, எம்மிடம் சொல்லவும் தயங்கினார். பிழை எம்முடையது. அகச்சிவப்பு ஒளி ஒருவழிப் பாதை. கணனி கட்டளையிடும், கட்டளை நிறைவேறியதா என்பதை அறியாது.

பதில் சொல்லும் வழி எச்டிஎம்ஐ வடத்திலேயே இருக்கிறது. அதன் 13ஆவது முனை 'சிஈசி' எனப்படும் இருவழித் தொடர்புக்கானது. சாதாரண கணனிகளில் இம்முனை பெரும்பாலும் இணைக்கப்படுவதில்லை. தனி இணைப்பி வாங்கவேண்டும். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணனியில் அவ்வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. நாம் அதற்கு மாறினோம். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் சிஈசியை இயக்கிவிடவேண்டும்; நிறுவனத்துக்கு நிறுவனம் அதற்கு வேறு பெயர் என்பதால் தேடித்தான் எடுக்கவேண்டும்.

இப்போது கணனி முதலில் 'விழித்திருக்கிறாயா?' என்று கேட்கிறது. உறங்கினால் மட்டும் எழுப்புகிறது. எழுந்த தொலைக்காட்சி உடனே அடுத்த கட்டளையை ஏற்பதில்லை. ஆகவே பத்து செக்கன் பொறுக்கிறது. அதன்பின் றிசீவரைத் தமிழ் அலைவரிசைப் பெட்டியின் பக்கம் திருப்புகிறது. பெட்டியை நாம் அணைப்பதேயில்லை.

றிமோட்டுகள் நான்கும் அலுமாரிக்குள். சத்தத்துக்கு மட்டும் றிசீவரின் குமிழை அம்மம்மா தம் கையாலேயே திருகுகிறார். அயல்வீட்டார் சுவரில் தட்டினாற்றான் குறைக்கிறார்.